இருபது கோடி ஒளியாண்டு தூரத்துப் பசு

பயந்தாங்கொள்ளிகளில் பல ரகம் உண்டு. நாய்க்குப் பயப்படுகிறவர்கள், இடிக்குப் பயப்படுகிறவர்கள், கணக்கு வாத்தியாருக்குப் பயப்படுகிறவர்கள். நான் பட்டாசுக்குப் பயப்படுகிறவள். 'இதில் வெட்கப்பட என்னம்மா இருக்கிறது' என்று நீங்கள் பெருந்தன்மையாகக் கேட்கலாம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவரின் ஒரே மகள் நான் என்பதையும் சொல்லிவிட்டால், அந்தப் பெருந்தன்மை கொஞ்சம் ஆட்டம் காணும்.

தீபாவளியன்று தெருவே புகையில் மிதக்கும்போது நான் அடுக்களையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பேன். கம்பி மத்தாப்பு பிடிக்க வேண்டுமானால் யாராவது என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். (யாராவது என்றால் குறைந்தது இரண்டு பேர்.) அப்பாவுக்கு இதில் பெரிய மனக்குறை. "டீக்கடைக்காரன் மக டீ வாசனை ஆகாதுன்னு சொன்ன கதையால்ல இருக்கு" என்று டீக்கடையிலேயே போய்ச் சொல்லிப் புலம்புவார்.

ஆனால் ரத்தம் சும்மா விடுமா? படித்து முடித்து ஆராய்ச்சிக்குப் போனபோது நான் எடுத்துக்கொண்ட விஷயமும் வெடிதான். ஒரே வித்தியாசம், இந்த வெடிகள் விண்வெளியில் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி வெடித்தவை. அவ்வளவு தள்ளி எது வெடித்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

சாதாரணமாக ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தால் அதன் வெளிச்சம் ஏற வாரக்கணக்காகும், இறங்க மாதக்கணக்காகும். நிதானமான ரகம். நான் படிப்பது அவசரக்கார ரகத்தை. மிக அபூர்வமாகத்தான் அகப்படும். சில நாட்களுக்குள் மற்றவற்றை விடப் பல மடங்கு பிரகாசமாக, நல்ல நீல நிறத்தில் எரிந்து, நாம் தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் மங்கத் தொடங்கிவிடும். எது வெடித்தது, ஏன் வெடித்தது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் என்னைப் போன்றவர்கள் அது வெடித்த அக்கம்பக்கத்தை விசாரிப்போம். எந்த கேலக்ஸி, நட்டநடுவிலா, ஓரத்திலா, பக்கத்தில் இளம் நட்சத்திரங்கள் இருந்தனவா, தூசி எவ்வளவு. மாப்பிள்ளை கண்ணில் அகப்படாவிட்டால் அவன் குடியிருக்கும் தெருவில் போய் விசாரிப்போமே, அதே வேலைதான். இடம் முக்கியம். இந்த 'இடம் முக்கியம்' என்ற வார்த்தைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் ஆனி மாதம் லீவில் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காரணம் இந்தூர்காரர்.

அப்பா செய்கிற சரக்கில் முக்கால்வாசியை வாங்குகிறவர் இந்தூரில் இருந்த ஒரு மொத்த வியாபாரி. பேர் சொல்லிக் கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அப்பாவுக்கு அவர் 'சேட்டு', எங்களுக்கு 'இந்தூர்காரர்'. வருடாவருடம் ஆனியில் வருவார், சாம்பிள் வெடிக்கச் சொல்லிப் பார்ப்பார், ஆர்டர் கொடுத்துவிட்டு ரயிலேறுவார். அந்த முறை மட்டும் போனில், 'பழைய சரக்கையே எத்தனை வருஷம் விற்பது? புது ஐட்டம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு கம்பெனியில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டார். அவர் கை நழுவினால் எங்களுக்கு சீசன் கிடையாது. சீசன் இல்லையென்றால் காலையில் கம்பெனி வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு வேலை கிடையாது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"ஏன் பாப்பா, நீ இம்புட்டு வருசமா வெடியத்தானே படிக்கே. அதுல நமக்கு ஆகுற மாதிரி ஒண்ணுமே இல்லையா?" என்றார் திடீரென்று.

என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றுத் தட்டை கேலக்ஸியாக்கி, அப்பளத்தை நொறுக்கிச் சுருள் சுருளாகப் பரப்பி, ஓரத்தில் ஒரு கத்தரிக்காயை வைத்து, இங்கேதான் வெடித்தது, நீலமாக வெடித்தது, சட்டென்று மறைந்தது என்று விளக்கினேன்.

"நீலமா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல நீலமா?"

பட்டாசில் சிவப்பு வரும், பச்சை வரும், வெள்ளை கேட்காமலே வரும். நீலம்தான் பிடி கொடுக்காது. சூடு துளி கூடினாலும் வெளுத்துப் போகும். அசல் நீலத்தைக் கொண்டுவந்து காட்டினால் இந்தூர்காரர் ஆர்டர் தராமல் எங்கே போவார்?

மறுநாளே போர்மேன் கருப்பசாமி அண்ணனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பெரிய தரைச்சக்கரம் ஒன்று சுற்ற வேண்டும். அதுதான் கேலக்ஸி. சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழாய். சக்கரம் வேகம் பிடித்ததும் குழாயிலிருந்து நீலமாக ஒன்று எழும்பி வெடிக்க வேண்டும்.

"எம்புட்டு நேரம் நிக்கணும் பாப்பா?" என்று கேட்டார் அவர்.

"நிக்கவே கூடாதுண்ணே. கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள அணைஞ்சிரணும். அதான் அதோட விசேசமே."

"துட்டுக் குடுத்து வாங்குறவன் அதுக்குள்ள அணைஞ்சா வைவானே?"

"அபூர்வம்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்றேன், நானே அதை வடிவமைத்து வானத்துக்கு அனுப்பியதுபோல.

அவர் நாள்தோறும் முயன்றார். வெள்ளையாக வந்தது, வெளிர்பச்சையாக வந்தது, ஒன்று நமுத்துப்போய் 'புஸ்'ஸென்று முடிந்தது. கடைசியில் ஒரே ஒரு பீஸ் மட்டும் சரியாக அமைந்திருப்பதாகச் சொன்னார். வெடித்துப் பார்த்தால்தான் உறுதி. வெடித்துப் பார்த்தால் காட்டுவதற்கு இருக்காது. அப்பா அதைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

அடுத்தது பேரும் லேபிளும். அம்மாவின் தம்பி, எங்கள் சந்திரன் மாமா, சிவகாசியில் சின்னதாக ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். அப்பாவின் கம்பெனி லேபிளெல்லாம் அவர் அடிப்பதுதான். மற்ற மாதங்களில் காலண்டர்.

"பேரு என்னத்தா வைக்க?" என்றார் மாமா.

நான் படித்துக்கொண்டிருந்த வெடிப்புக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருந்த செல்லப்பேரைச் சொன்னேன். பசு. யாரும் யோசித்து வைத்த பேரல்ல. கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் வண்டி நம்பர் மாதிரி வருடத்தையும் இங்கிலீஷ் எழுத்துகளையும் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போவார்கள். இதற்கு வந்த மூன்று எழுத்து சி, ஓ, டபிள்யூ. வாத்தியார்கள் எல்லாம் சேர்ந்து சிரித்து அதையே பேராக்கிவிட்டார்கள்.

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "பசு எங்கிட்ட ரெடியா இருக்குத்தா! பொங்க காலண்டருக்குப் போட்டது. மாலை, குங்குமம், கன்னுக்குட்டி, எல்லாம் இருக்கு. கை எடுத்துக் கும்பிடலாம்."

அன்று மாலையே சரிபார்க்கச் சொல்லி போனில் லேபிள் புரூப் அனுப்பினார். பின்னணியில் நான் கொடுத்த சுருள் கேலக்ஸி. முன்னால் காலண்டர் பசு. நீல வெடிப்பை கேலக்ஸியின் நட்டநடுவில் போட்டிருந்தார். அது பசுவின் தலைக்குப் பின்னால் அம்சமாக வந்திருந்தது.

பதற்றக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. பெரிய ஆபத்து யானைபோல எதிரே நிற்கும்போது, அதன் காலடியில் கிடக்கும் எறும்பைப் பிடித்துக்கொண்டு அலறுவோம். நான் உடனே மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, வெடி நடுவுல இல்ல. மையத்துல இருந்து தள்ளி வெடிச்சது. இதுமேலதான் என் ஆராய்ச்சியே நிக்கிது. கீழ இறக்கி இடது பக்கம் போடுங்க."

மவுஸ் நகரும் ஓசை கேட்டது.

"அங்கன கொண்டு போனா பசு மேல வருதேத்தா?"

"பசு முக்கியமில்ல மாமா. இடந்தான் முக்கியம்."

"சரி, படிச்ச பிள்ள சொல்லுத" என்றார் மாமா. திருத்திய புரூப் வந்தது. அதில் கேலக்ஸி இருந்த மூலையை மட்டும் விரித்துப் பெரிதாக்கி, சுருள் சரியாக இருக்கிறதா, வெடித்த இடம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்தேன். எல்லாம் துல்லியம். ஓகே என்று அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த மாதத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

இந்தூர்காரர் வந்த நாளன்று மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவருக்காக அம்மா சப்பாத்தி போட்டிருந்தாள். (எங்கள் அம்மா சப்பாத்தி போட்டால் இந்தியா வரைபடம் மாதிரி இருக்கும். அன்று கஷ்டப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவந்திருந்தாள்.) கொஞ்ச நேரத்தில் அம்மா அடுக்களைக்குள் மெய்சிலிர்க்க ஓடிவந்தாள்.

"எம்புட்டு பக்தி பாரு! மொத சப்பாத்திய எடுத்து வச்சிட்டு, இங்க பசு எங்கன இருக்குன்னு கேக்காரு. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கையால ஊட்டிட்டு, அது நெத்தியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் வந்து உக்காந்தாரு. வருசம் பூரா அப்படித்தானாம்!"

"நல்ல மனுசர்மா" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த சாம்பிள் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். அப்போதுதான், முதல் தடவையாக, லேபிளை முழுதாகப் பார்த்தேன்.

மாலையும் குங்குமமுமாக நின்ற பசுவின் வயிறு நீலமாக வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டி அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா பார்த்தாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அடிப் பாதகத்தி" என்றாள் மெல்ல. "மகராசன் கோமாதாவுக்கு இப்பத்தான் ஊட்டிட்டு வாராரு."

"அப்பாகிட்டச் சொல்லிருவோமாம்மா?"

"சொன்னா இப்பவே நெஞ்சப் பிடிச்சிக்கிருவாக. நீ வா."

மாமா அன்று காலையில்தான் லேபிள் ஒட்டிக் கொடுத்திருந்த மற்ற காலி சாம்பிள் பெட்டிகள் எல்லாம் கம்பெனி ஆபீசில் இருந்தன. அப்பாவும் இந்தூர்காரரும் சாப்பிட்டு இளைப்பாறுவதற்குள் அம்மாவும் நானும் ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். போகிற வழியெல்லாம் நான் வேனில் வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தேன். அம்மா எல்லா அம்மன்களுக்கும் நேர்ந்துகொண்டிருந்தாள்.

ஆபீசில் ஒட்டுவதற்கு அகப்பட்டது விலை ஸ்டிக்கர் மட்டும்தான். விரல் நகத்தளவு. ஒரு பசுவை மறைக்க இருபதுக்கு மேல் ஸ்டிக்கர் பிடித்தது. கன்றுக்குட்டிக்குத் தனி. நான் வெறி பிடித்தவள்போல ஒட்டினேன். அம்மா ஒவ்வொரு ஸ்டிக்கரையும் கண்ணில் ஒற்றிவிட்டு, "தாயே, தெரியாமப் பண்ணிட்டா, சின்னப் பிள்ள" என்று சொல்லிச் சொல்லி ஒட்டினாள். (சின்னப் பிள்ளைக்கு அப்போது டாக்டர் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுக்கும் வயது.) முடித்து நிமிர்ந்தபோது அத்தனை பெட்டியும் விலை மட்டுமே விற்கிற பெட்டிகளாகிவிட்டன. பரவாயில்லை, பசு இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சாம்பிள் வெடிக்கிற மைதானத்துக்குப் போனோம். அப்பாவின் ஜீப்பிலிருந்து இந்தூர்காரர் இறங்கினார். எதிரே மாமா வெள்ளை வேட்டி சட்டையில், வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் பிளெக்ஸ் பேனர்.

எங்கள் பக்கம் காதுகுத்துக்குக்கூட பிளெக்ஸ் இல்லாமல் முடியாது. இது எனக்கு எப்படி உறைக்காமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. பெட்டியில் உள்ளங்கை அளவு இருந்த பசு, இங்கே அசல் பசுவை விடப் பெரிதாக நின்றது. வெடிப்பும் அதற்குத் தகுந்தாற்போல. மேலே 'வருக வருக' என்று வேறு.

"எப்படி அத்தான்?" என்றார் மாமா அப்பாவிடம். "என் செலவு!"

அப்பா பேனரைப் பார்த்தார். இந்தூர்காரரைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் கண்ணால் பார்த்தேன். இந்தூர்காரர் செருப்பைக் கழற்றினார். பேனருக்கு நேராகப் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்தது. எங்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்டிருப்பார்.

"சேட்டு, சேட்டு, ஒரு நிமிசம் கேளுங்க" என்று அப்பா இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார்.

மைதானத்தின் நடுவில் நின்ற கருப்பசாமி அண்ணனுக்கு, அப்பா கையைத் தூக்கினால் பற்றவைக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. பற்றவைத்துவிட்டார்.

சக்கரம் சீறிக்கொண்டு சுற்றியது. 'ஐயோ' என்று நினைத்தேன். அடுத்து என்ன நடந்தது என்பதை ஒரு விஞ்ஞானியாக உங்களுக்கு நான் விவரிக்க வேண்டும். முடியாது. வெடிச் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் என் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போய்விட்டன, கண் தானாக இறுக மூடிக்கொண்டது. இந்தூர்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா இந்தூர்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தன் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ணைத் திறந்தபோது கொஞ்சம் புகை இருந்தது.

"வந்துருச்சு பாப்பா!" என்று கருப்பசாமி அண்ணன் குதித்தார். "அசல் நீலம்! பாத்தீகளா? பாத்தீகளா அண்ணாச்சி?"

அம்மா மட்டும், "நான் பாத்தேன். நம்ம கேஸ் அடுப்பு மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

வேறு பீஸ் இல்லை. அதற்குப் பின்னால் எத்தனையோ முறை அதே கலவையில் முயன்றும் அந்த நீலம் வரவே இல்லை. என் வாழ்க்கையில் எனக்குப் பக்கத்தில் நடந்த ஒரே அபூர்வ நீல வெடிப்புக்கு இன்றைக்கும் ஆதாரம் அம்மாவின் வாக்குமூலம்தான்.

இந்தூர்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, நமக்கு நீங்க சகோதரர் மாதிரி. ஆனா இதை நான் எப்படி விக்கிறது? என் கையால எப்படிக் கொளுத்துறது?" என்றார் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில். அம்மா வைத்துக் கொடுத்த பலகாரத்தை மட்டும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மைதானத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஒன் வெடி அம்புட்டுத் தூரத்துல இருந்த வரைக்கும் நமக்கு ஒரு கொறையும் இல்ல பாப்பா" என்றார். "அத ஏன்தான் நான் கிட்டக்கக் கூப்பிட்டேனோ."

அந்த சீசனுக்கு அப்பா பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கும் வேலையை வாங்கி ஒப்பேற்றினார். ஆளை நிறுத்தவில்லை. ஆனால் தன் பேர் போட்ட பெட்டி ஒன்றுகூட வெளியே போகாத தீபாவளி அது. அன்றைக்கு அப்பா வாசலுக்கே வரவில்லை. அடுக்களையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இதில் ஆதாயம் அடைந்தவர் ஒருவர் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்ததும் இந்தூர்காரர் சந்திரன் மாமாவைக் கூப்பிட்டார். பசு நன்றாக இருந்ததாம், முகத்தில் அருள் இருந்ததாம். அந்த வெடியை மட்டும் வயிற்றிலிருந்து எடுத்துத் தலைக்குப் பின்னால் வைத்து, தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுக்கக் காலண்டர் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். மாமாவின் பழைய புரூப் அப்படியே கிடந்தது. இன்றைக்கு இந்தூரில் எத்தனையோ பூஜை அறைகளில் ஒரு சுருள் கேலக்ஸி சுற்றிக்கொண்டிருக்கிறது, நட்டநடுவில் வெடிப்போடு. அறிவியல்படி அது முழுத் தப்பு. எல்லாரும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். "ஒன் ஆராய்ச்சியால பலன் கண்ட ஒரே ஆளு நாந்தாம்த்தா" என்று மாமா கல்யாண வீடு, துக்க வீடு பாராமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

காலண்டருக்காக மாமாவிடம் வரப் போக இருந்த இந்தூர்காரர், அடுத்த வருடமே அப்பாவையும் எட்டிப் பார்த்தார். பழைய சரக்கு, பூப்படம் போட்ட பழைய லேபிள். ஆர்டர் திரும்ப வந்துவிட்டது. அப்பா போனில் எனக்கு இதைச் சொன்னபோது குரல் உடைந்தது, நானும் ஆராய்ச்சி நிலையத்து வராந்தாவில் நின்று அழுதேன். அதிலிருந்து வருடம் தவறாமல் ஆனி பிறப்பதற்கு முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எப்பத்தா ஊருக்கு வாரே? தேதி சொல்லு" என்று கேட்பாள். பெற்ற மனம் எப்படித் தவிக்கிறது பார் என்று சக ஆராய்ச்சியாளர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடமும் கேட்டாள். டிக்கெட் போட்டாச்சும்மா, பதினெட்டாம் தேதி வீட்டில் இருப்பேன் என்றேன். போனை வைக்க மறந்துவிட்டாள்போல. பின்னால் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பதினெட்டாமே? அப்ப சேட்டப் பதினேழுக்குள்ள சாம்பிள் பாத்துட்டு ரயிலேறிரச் சொல்லு."